குற்றவாளி மிளகாய் அல்ல: தோட்டத்துத் தமிழரின் வயிற்றுப் புண் வரலாறு

ஜொகூரில் 'கேஸ்ட்ரிக்' என்ற சொல்லைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக். வயிறு உப்பினாலும் கேஸ்ட்ரிக். நடுச்சாமத்தில் மேல் வயிற்றைக் கவ்விப் பிடித்துத் தூக்கத்தைக் கெடுத்தாலும் அதே கேஸ்ட்ரிக்தான். காரணமும் எல்லாருக்கும் தெரியும் என்றே நினைக்கிறோம். "நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, காரத்தைக் குறைப்பதில்லை, எந்நேரமும் கவலை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நோயாளிக்குக் கிடைப்பது ஒரு மாத்திரையும் ஒரு கண்டிப்பும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வந்தால் அது நோயாளி தேடிக்கொண்ட வினை என்று வீட்டார் மட்டுமல்ல, மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை தவறு என்று உறுதியாகி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கண்டிப்பு மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

பெரட்டும் வெள்ளை மருந்தும்

ஜொகூரில் ரப்பர் பயிர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1909-ல் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முழுமை பெற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதையை ஒட்டிக் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் வந்தது. கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய் உறவையும் ஊராரையும் சேர்த்து அழைத்து வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள் ஆயிரமாயிரம் பேர். 1938-ல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இந்த ஆள்சேர்ப்பு நடந்தது.

வந்தவர்களுக்குக் கிடைத்தது வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. ஓர் அறையில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்குப் பொதுவாகத் தண்ணீர்க் குழாய் அல்லது கிணறு. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, வெறும் காப்பியோடு மரம் வெட்டப் போனால், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் வயிறாரச் சோறு. இப்படி உழைத்தவர் வயிற்று வலி என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டிரஸர் என்ன செய்வார்? அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்தைக் கொடுப்பார். கள்ளையும் காரத்தையும் குறைக்கச் சொல்வார். அன்றைய மருத்துவ அறிவில் அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை.

குன்னூர் எலிகளும் நெய்யூர் அறுவையும்

டிரஸரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தொழிலாளிகள் விட்டு வந்த தென்னிந்தியாவிலேயே பெரிய மருத்துவர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் ஏன் இத்தனை அதிகம் என்பது அந்தக் காலத்தின் பெரிய மருத்துவப் புதிர்.

நீலகிரியில் குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி நடத்தி வந்த ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளிக் கிழங்கை நம்பியிருந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவையும், சென்னை மாகாண ஏழைகளின் உணவையும் தின்ற எலிகளுக்கு இரைப்பையில் புண் வந்தது. கோதுமை ரொட்டியும் பாலும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நலமாக இருந்தன. ஆக, புண்ணுக்குக் காரணம் உணவுதான் என்ற கருத்துக்கு ஆய்வகத்திலிருந்தே ஆதரவு கிடைத்தது.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவராக இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன குழுக்களில் இருந்தவர் இவரேதான். மலையேற்றத்தில் பெயர் பெற்ற அவர், பிறகு நெய்யூரில் ஏராளமான வயிற்றுப் புண் நோயாளிகளின் வயிற்றைத் திறந்து அறுவை செய்தார். உணவு வெளியேற இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் புதுப்பாதை அமைப்பது அந்த அறுவை. தம் அனுபவத்தை 1936-ல் ஓர் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் எழுதினார். அங்கும் மக்கள் உண்ணும் உணவைச் சுற்றியே காரணம் தேடப்பட்டது.

வறுமை உணவு உடலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் புண்ணுக்கு மூலம் அதுதானா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அமிலம் என்ற ஒரே விடை

மேலை நாடுகளிலும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. "அமிலம் இல்லையேல் புண் இல்லை" என்ற கருத்தைக் கார்ல் ஷ்வார்ஸ் என்ற மருத்துவர் 1910-ல் முன்வைத்தார். அதுவே வேதவாக்கானது. மணிக்கொரு தரம் பாலும் பாலேடும் கொடுத்து அமிலத்தைத் தணிப்பது ஒரு வழி. அடங்காவிட்டால் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது அல்லது அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை அறுப்பது அடுத்த வழி.

1976-ல் பிரிட்டனில் சிமெட்டிடின் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பையே குறைக்கும் மருந்து அது. அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். புண் ஆறியது, கத்திக்கு வேலை குறைந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குப் புண் மீண்டும் வந்தது. ஆகவே ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

ஆறிய புண் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், வேர் உள்ளேயே இருக்கிறது என்றுதானே பொருள்?

கிரேக்க நாட்டில் ஒருவர் இதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார். மிசோலோங்கி என்ற சிற்றூர் மருத்துவரான ஜான் லைகுடிஸ், 1958-ல் தமக்கு வந்த வயிற்றுக் கோளாறுக்கு ஆண்டிபயாடிக் சாப்பிட்டபோது பழைய புண்ணின் தொல்லையும் சேர்ந்து நின்றதைக் கவனித்தார். பிறகு நோயாளிகளுக்கும் அதே முறையைக் கையாண்டார். மருத்துவ ஏடுகள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுத்து 4,000 டிராக்மா அபராதம் விதித்தார்கள். 1980-ல் அவர் காலமானபோதும் அவரை நம்ப ஆள் இல்லை.

பெர்த் நகரில் ஒரு நீண்ட விடுமுறை

லைகுடிசின் அனுபவத்துக்கு விளக்கம் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ராயல் பெர்த் மருத்துவமனையில் திசு ஆய்வாளராக இருந்த ராபின் வாரன், 1979-ல் இரைப்பைத் திசு ஒன்றின் மேல் வளைந்த வடிவக் கிருமிகளைக் கண்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழாது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். வாரன் அதைப் பொருட்படுத்தாமல் தேடிக்கொண்டே இருந்தார். 1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார்.

கிருமியைத் தட்டில் வளர்க்க முப்பதுக்கும் மேற்பட்ட முறை முயன்றும் பலிக்கவில்லை. இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டுகளைக் கழித்துவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. யாரும் தொடாமல் தட்டுகள் கூடுதல் நாள்கள் அப்படியே கிடந்தன. விடுமுறை முடிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி என்பது அப்போதுதான் புரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இன்றைய பெயர் அதற்கு 1989-ல் வைக்கப்பட்டது.

கிருமி இருப்பது தெரிந்தாலும், நோய்க்குக் காரணம் அதுதான் என்று யாரும் ஏற்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தியும் வாய் நாற்றமும் வந்தன. பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பைச் சுவர் அழற்சி கண்டிருந்தது. அவருக்குப் புண் வரவில்லை. ஆனால் நலமான இரைப்பையை இந்தக் கிருமி கெடுக்கும் என்பது கண்கூடானது. கிருமியை ஒழித்தால் புண் திரும்புவதில்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. 1994-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள புண் நோயாளிகளுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. வாரனும் மார்ஷலும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அமிலக் குளத்தில் இந்தக் கிருமி எப்படி வாழ்கிறது? யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை அமோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பிறகு இரைப்பையின் சளிப் படலத்துக்குள் புகுந்து குடியேறிவிடுகிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்கும்.

மலேசியாவில் கிடைத்த விடை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பேராசிரியர் கோ கியான் லீ, வயிற்றுக் கோளாறுக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1997-ல் முடிவுகளை வெளியிட்டார். மலாய் நோயாளிகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினரிடம் மட்டுமே இந்தக் கிருமி இருந்தது. சீனரில் 48 விழுக்காட்டினர். இந்தியரில் சுமார் 62 விழுக்காட்டினர்! ஒரே நாடு, ஒரே மருத்துவமனை, ஆனால் கணக்கில் இவ்வளவு வேற்றுமை.

கிளந்தான் நிலவரம் இன்னும் வியப்பானது. மலாய்க்காரர் மிகுந்த அந்த மாநிலத்தில் கிருமித் தொற்று உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று என்று 1990-களில் அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. வயிற்றுப் புண்ணும் அங்கே அரிதாகவே இருந்தது.

இங்கே மிளகாயின் மேலிருந்த குற்றச்சாட்டைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். காரம்தான் புண்ணுக்குக் காரணம் என்றால், சம்பால் இல்லாமல் சோறு இறங்காத மலாய்க் குடும்பங்களில் அல்லவா நோய் பெருகியிருக்க வேண்டும்? பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் சீன நோயாளிகளிடையே நடத்தி 1995-ல் வெளியான ஓர் ஆய்வோ, புண் உள்ளவர்கள் புண் இல்லாதவர்களைவிட மிளகாய் குறைவாகவே உண்டு வந்ததாகக் கண்டது. மிளகாய் வயிற்றைக் காக்கும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. காரம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆனால் புண்ணுக்கு மூலம் அது என்ற வழக்கு நிற்கவில்லை.

கிருமி கைமாறும் இடம்

அப்படியானால் இந்தியரிடம் இந்தக் கிருமி ஏன் அதிகம்? இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று எச்சில் வழியாகவும், வாந்தி, மலம் கலந்த அசுத்தத்தின் வழியாகவும் போகிறது. நெருக்கமான வீடும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அதற்குத் துணை. பெரியவர்களான பிறகு புதிதாகத் தொற்றுவது குறைவு.

கோ கியான் லீயும், அதே பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த பரசக்தி நவரத்தினமும் 2001-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கிருமி மிகுந்த தென்னிந்தியாவிலிருந்தும் தென் சீனாவிலிருந்தும் குடியேறியவர்கள் அதைத் தம் வயிற்றில் கொண்டுவந்தார்கள். இங்கே அவரவர் இனத்துக்குள் மணம் முடித்து, அவரவர் அடுக்களையில் உண்டு வாழ்ந்ததால் கிருமியும் அந்தந்த இனத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. லயத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சிகாமட் வட்டாரத்து மக்களின் குடல் நுண்ணுயிர்களைப் பற்றி 2021-ல் வெளியான மற்றோர் ஆய்வும், ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஜகூன் பழங்குடியினர் ஆகியோரின் நுண்ணுயிர்த் தொகுதிகள் இனவாரியாக வேறுபடுவதைக் காட்டியது.

2009-ல் மலேசியக் கிருமிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சீனரின் கிருமிகள் கிழக்காசிய வகை. மலாய்க்காரரிடம் காணப்பட்டவற்றில் பல, இந்தியரின் கிருமிகளுக்கு நெருங்கிய உறவு. மலாய்க்காரருக்கு இந்தக் கிருமி அண்மைக் காலத்தில்தான், பெரும்பாலும் இந்தியர் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இதைக் கேட்டு யாரும் தலை குனிய வேண்டியதில்லை. மனித குலம் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய காலத்திலேயே, ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கிருமி கூடவே வந்துவிட்டது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. கப்பலேறிய தொழிலாளி தம் வயிற்றில் இருப்பதை அறிந்து கொண்டுவரவில்லை. லயத்தின் நெருக்கடியும் அவர் கேட்டு வாங்கியது அல்ல. பெரட்டுக்குப் பசியோடு போனதும், மாலையில் கொஞ்சம் கள் குடித்ததும், ஊரை நினைத்துக் கவலைப்பட்டதும் அவர் புண்ணுக்கு மூலக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்தப் பழிக்கு அவர் உரியவர் அல்லர்.

இன்னும் விளங்காத ஒன்று உண்டு. இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-ல் வகைப்படுத்தியது. ஆனால் மலேசியாவில் கிருமி மிகுந்த இந்தியரைவிடச் சீனருக்கே இரைப்பைப் புற்றுநோய் அதிகம். ஆய்வாளர்கள் இதை 'இந்தியர் புதிர்' என்கிறார்கள். கிருமியின் வகை, உணவு, மரபணு என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. அதனால் இந்தியருக்கு அந்த நோய் வரவே வராது என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டு வாரம்

நல்ல செய்தியும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில், 1989-90-ல் 21 விழுக்காட்டினருக்கு முன்சிறுகுடல் புண் இருந்தது. 1999-2000-ல் அது 9.5 விழுக்காடாகக் குறைந்தது. சுத்தமான குழாய்த் தண்ணீர், சிறிய குடும்பம், கிருமியை ஒழிக்கும் சிகிச்சை என்று காரணங்கள் பல. ஜொகூரில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பெரட்டுக்குப் பதில் இன்று விடியற்காலையில் சிங்கப்பூர் பாலத்தில் வரிசை. சிறு வயதில் லயத்தில் தொற்றிய கிருமி மட்டும் நடுவயதைத் தாண்டிய பலர் வயிற்றில் இன்னும் இருக்கக்கூடும்.

பரிசோதனை கடினமானதல்ல. ஒரு கரைசலைக் குடித்துவிட்டு மூச்சை ஊதிக் கொடுக்கும் சோதனை, மலச் சோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி என்று வழிகள் உள்ளன. அமில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஆகவே சோதனைக்கு எத்தனை நாள் முன்பே எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆண்டிபயாடிக் சேர்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் முறை. பிஸ்மத் சேர்த்த நான்கு மருந்து முறையும் உண்டு. இன்று பெரும்பாலும் 14 நாள். நாளுக்குப் பல மாத்திரை, வாய்க் கசப்பு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. நாலாம் நாள் வலி நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவது இதனால்தான். அங்கேதான் ஆபத்து. பாதி மருந்தில் சாகாத கிருமி, அடுத்த முறை அந்த மருந்துக்கு அஞ்சாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத இந்தக் கிருமியை, புது மருந்து தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் சேர்த்தது. மெட்ரோனிடசோல் மருந்துக்கு அடங்காத கிருமி மலேசியாவில் முன்பிருந்தே அதிகம். வேறு நோய்களுக்காக ஆண்டிபயாடிக்கை வேண்டிய மட்டும் வாங்கிச் சாப்பிட்ட பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே மருந்தை முழுதாக முடிக்க வேண்டும். முடித்து நான்கு வாரமாவது கழிந்த பின், கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாள்களில் மது கூடாது. கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை, எல்லாப் புண்ணுக்கும் கிருமி காரணமும் இல்லை. மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் இரண்டாவது பெரிய காரணம். கறுப்பாக மலம் போனாலும், இரத்த வாந்தி எடுத்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு தலைமுறை இந்த வலியை வெள்ளை மருந்தால் சமாளித்தது. அடுத்த தலைமுறையில் சிலர் இரைப்பையின் ஒரு பகுதியையே இழந்தார்கள். இன்று இரண்டு வாரச் சிகிச்சை போதும் என்னும்போது, வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவையோ அத்தையையோ கண்டிக்கும் நேரத்தில் ஒரு முறை பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம்.